நிந்தவூர் மணலில் ரோசா: முதல் செடி வைப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ரோசா மலைநாட்டுச் செடி, அது கடற்கரை மண்ணுக்குச் சரிவராது என்பது எங்கள் ஊரில் பலருடைய முடிவான எண்ணம். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனவர்கள் ஹக்கல தாவரவியல் பூங்காவின் ரோசாத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் இரண்டு கன்றுகளை வாங்கி வருவார்கள். இரண்டு மாதத்தில் இலை கொட்டி, தடி கறுத்து, செடி செத்துவிடும். "நம்மட மண்ணுக்கு அது ஆகாது" என்று சொல்லிவிட்டு அந்தச் சாடியில் செவ்வரத்தை வைத்துவிடுவார்கள்.

இந்த முடிவு பாதிதான் சரி. ஹக்கலயில் பூக்கும் எல்லா ரோசாவும் நிந்தவூரில் பூக்காது. ஆனால் நிந்தவூரில், காரைதீவில், அட்டாளைச்சேனையில் பல வீட்டு வாசல்களில் ரோசா வருடம் முழுக்கப் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வீடுகளில் பேசிப் பார்த்ததில், அவர்களிடம் இரகசியம் எதுவும் இல்லை. எந்த இனத்தைத் தெரிந்தெடுப்பது, உப்பை எப்படிக் கையாள்வது, எந்த மாதத்தில் எதைச் செய்வது என்ற மூன்றையும் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். அதையே ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

பூவுக்கு ஏன் தண்ணீர்?

இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களைச் செய்திக்காகச் சந்திக்கும்போது நான் அடிக்கடி கேட்ட ஒரு வார்த்தை உண்டு: "நாளைக்கு எங்க இருப்பமோ தெரியாது, மரத்த நட்டு என்ன செய்ய?" 1985 இலும் 1990 இலும் இந்தக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் வீடு விட்டு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. இலங்கையிலேயே அதிகமான உயிர்களை அன்று இழந்தது அம்பாறை மாவட்டம்தான். இத்தனைக்கும் பிறகு, பலன் தர வருடங்கள் எடுக்கும் எதையும் நடுவதற்கு மனம் வராமல் போனவர்கள் இருக்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள், உறுதி இல்லாத காணியில் இருப்பவர்கள், சுனாமிக்குப் பிறகு கட்டிய நெருக்கமான வீட்டுத்திட்டங்களில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தத் தயக்கம் நியாயமானது.

சாடியில் வளரும் ரோசா இந்தத் தயக்கத்துக்குள் அடங்கிவிடும். அதற்குக் காணி உறுதி தேவையில்லை. தடி வேர்விட்டு நான்கைந்து மாதத்தில் முதல் பூவைத் தந்துவிடும். வீடு மாறினால் தூக்கிக்கொண்டு போகலாம். தூக்க முடியாமல் போனாலும் ஒரு சாண் தடியை வெட்டி ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு போனால், அதே செடி வேறோர் இடத்தில் முளைக்கும்.

முருங்கைக்கும் கொச்சிக்காய்க்கும் முன்னால் ரோசாவை வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பூச்செடி மனக்காயத்துக்கு மருந்து என்றும் சொல்ல மாட்டேன். ஒரு சாடிக்கு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் தண்ணீர் போதும். உப்புப் போடாத அரிசி கழுவிய தண்ணீரே அதில் பாதிக்கு வரும். அவ்வளவு செலவில் வாசலில் ஒரு பூ இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கே இந்தக் கட்டுரை.

எந்த ரோசா?

18 ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஐரோப்பாவில் இருந்த பெரும்பாலான ரோசாக்கள் வருடத்தில் ஒரு தடவைதான் பூத்தன. வியாபாரக் கப்பல்களில் சீனத்து ரோசாக்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் அங்குள்ள இனங்களுக்குள் கலந்தது. சீன ரோசாவின் பிறப்பிடம் சூடான, ஈரமான நிலம். அந்த இரத்தம் கூடுதலாக உள்ள செடிகளுக்கு நமது வெப்பம் பகை இல்லை.

இந்து சமுத்திரத்திலேயே பிறந்த ஒரு ரோசாவும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்போது பூர்பொன் என்று அழைக்கப்பட்ட ரியூனியன் தீவில், வேலியாக நட்டிருந்த சீன ரோசாவும் டமாஸ்க் ரோசாவும் தாமாகக் கலந்து புதிய செடி ஒன்று முளைத்தது. தமிழ்நாட்டில் மாலைக்குக் கட்டும் 'எட்வர்ட் ரோஸ்' அந்த வழியில் வந்தது. இளஞ்சிவப்பு நிறமும் பன்னீர் மணமும் கொண்ட அது கடைப் பூவைப் போல நிமிர்ந்து நிற்காது. ஆனால் வெயிலைத் தாங்கும்.

சவூதியின் தாயிஃப் ரோசாவைப் பற்றி ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது டமாஸ்க் இனம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீற்றர் உயரத்தில், குளிர்ந்த இரவுகள் உள்ள மலையில் வளர்ந்து, வருடத்தில் ஒரு பருவம் மட்டும் பூக்கிறது. அதன் பன்னீரை வாங்கி வாருங்கள். செடியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

பூக்கடையில் விற்கும் நீண்ட தண்டு ரோசா பெரும்பாலும் கலப்புத் தேயிலை ரோசா என்ற வகுப்பைச் சேர்ந்தது. அவற்றில் சில இங்கு வளரும், ஆனால் நோய்க்கு இலகுவில் ஆளாகும். முதல் செடிக்கு நல்ல தெரிவு, உங்கள் ஊரில் யாருடைய வாசலிலாவது 5 வருடத்துக்கு மேல் பூத்துக்கொண்டிருக்கும் ரோசா. கொத்தாகச் சிறு பூப் பூக்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த உப்புக் காற்றில் அது தாக்குப்பிடித்திருக்கிறது என்பதே போதுமான சான்று.

தடியிலிருந்து செடி

மழை ஓயத் தொடங்கும் ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் தடி நடுவதற்கு ஏற்றவை. காற்றில் ஈரம் இருக்கும், வெயிலும் கடுமையாக இராது.

1. அண்மையில் பூத்து முடிந்த கிளையைத் தெரிவு செய்யுங்கள். பென்சில் தடிப்பு இருக்க வேண்டும். மிக இளசானது அழுகும், மிக முற்றியது வேர்விடத் தாமதிக்கும்.
2. 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளத்தில், நான்கைந்து கணுக்கள் வரும்படி வெட்டுங்கள். கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக இருக்கட்டும். கத்தியைக் கொதிநீரில் கழுவியிருக்க வேண்டும்.
3. மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள்.
4. ஆற்று மணலும் உமிக்கரியும் சம அளவு கலந்து, அடியில் ஓட்டை போட்ட பையில் நிரப்பி, தடியில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே செருகுங்கள். கற்றாழைச் சாறு பூசும் வழக்கம் உண்டு. பூசாவிட்டாலும் வேர் வரும்.
5. அடி வெட்டிய ஒளிபுகும் தண்ணீர்ப் போத்தலால் மூடி, நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக அல்ல.

இரண்டு வாரத்தில் தளிர் வந்ததும் செடி பிடித்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். தடியில் சேர்ந்திருந்த சத்தைக் கொண்டே தளிர் வந்துவிடும். வேர் பிந்தித்தான் வரும். 4 முதல் 6 வாரத்துக்குப் பிறகு மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர் உண்டு. 8 வாரமளவில் பெரிய சாடிக்கு மாற்றலாம். பத்துத் தடி நட்டால் பத்தும் பிடிக்காது. ஆறேழு நடுங்கள், இரண்டு மூன்று தேறினால் வெற்றிதான்.

கன்று வாங்குவதானால், ஒரு பெரிய பூவுடன் நெட்டையாக நிற்பதை விட்டுவிட்டு, அடியிலிருந்து மூன்று கிளை பிரிந்த குட்டையானதை எடுங்கள். இலையின் கீழ்ப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒட்டுக்கன்றானால் அடியில் முடிச்சுப் போன்ற ஒட்டிடம் தெரியும். அதற்குக் கீழிருந்து வரும் கிளை வேர்ச்செடியுடையது. அதை அவ்வப்போது கிள்ளாவிட்டால் அது வளர்ந்து, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரோசாவை அமுக்கிவிடும். மலைநாட்டிலிருந்து வந்த கன்றை ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். வந்தவுடன் சாடி மாற்றவும் வேண்டாம்.

சாடியும் மண்ணும்

சாடி குறைந்தது 30 சென்ரிமீற்றர் ஆழம் வேண்டும். பெயின்ற் வாளி, பழைய பிளாஸ்ரிக் பேசின், மீன் ஏற்றும் றிஜிபோம் பெட்டி எல்லாம் பயன்படும். மீன் பெட்டியை நன்றாகக் கழுவி உப்பைப் போக்குங்கள். அடியில் நான்கைந்து ஓட்டை கட்டாயம்.

கடற்கரை மணலை எடுக்க வேண்டாம். அதில் உப்பு இருக்கிறது, சிப்பித் துகள்களால் சுண்ணாம்பும் இருக்கிறது. ரோசாவுக்குச் சிறிது அமிலத்தன்மையான மண்ணே விருப்பம். சுண்ணாம்பு கூடினால் செடியால் மண்ணிலுள்ள இரும்பை எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இதுதான் காரணம்.

இங்கு கிடைப்பதைக் கொண்டு ஒரு கலவை: மேல்மண் 2 பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு 1 பங்கு, உமிக்கரியும் தும்புச்சோறும் சேர்ந்து 1 பங்கு. நெல் விளையும் பிரதேசம் என்பதால் ஆலைகளில் உமிக்குக் குறைவில்லை. தும்புச்சோற்றை இரண்டு தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுங்கள். உவர் நீரில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து வந்ததானால் அதிலும் உப்பு இருக்கும்.

உப்பு

இந்தக் கரையில் ரோசாவைக் கொல்வதில் முதல் இடம் உப்புக்குத்தான். சுனாமி வெள்ளம் கிழக்குக் கரையோரக் கிணறுகளுக்குள் இறங்கியது. துப்புரவு செய்யும்போது அளவுக்கு மேல் இறைத்த இடங்களில் கீழிருந்த உவர் நீரும் மேலே வந்தது. பின்வந்த மாரிகளில் பல கிணறுகள் தேறின. ஆனாலும் கடலுக்கு அண்மையிலுள்ள கிணறுகளில் கோடையில் உவர் கூடும்.

உங்கள் கிணற்றை அறிய ஒரு சின்னச் சோதனை: கறுப்புத் தட்டில் ஒரு கரண்டி கிணற்று நீரையும், பக்கத்தில் ஒரு கரண்டி மழைநீரையும் விட்டு வெயிலில் காயவிடுங்கள். கிணற்று நீர் காய்ந்த இடத்தில் வெள்ளை தடிப்பாகப் படிந்தால் அந்த நீரைத் தினமும் ஊற்றாதீர்கள். முற்றிய இலையின் ஓரம் தீய்ந்தது போல் பழுப்பாவதும் உப்பின் அடையாளம்தான்.

மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். கொள்கலனை நுளம்பு போகாதபடி மூட வேண்டும். குழாய் நீரும் நல்லது. மாதம் ஒருமுறை, சாடியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடியால் வழியவிடுங்கள். தங்கிய உப்புக் கரைந்து போகும். கடல் பக்கம் பார்த்த சாடியை மதிலுக்கு உட்புறமாக மாற்றுங்கள். காற்றில் வரும் உப்பு இலையில் படிந்தால் காலையில் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வருடத்தின் நாட்குறிப்பு

ஜனவரி கடைசி முதல் பெப்ரவரி வரை: பெருமழை ஓய்ந்த பின் கத்தரியுங்கள். செத்த தடி, உட்பக்கம் வளர்ந்த தடி, ஒன்றோடொன்று உரசும் தடி ஆகியவற்றை நீக்கிவிட்டு, மீதியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். குளிர் நாட்டில் செய்வது போல் அடியோடு வெட்ட வேண்டாம். இங்கு செடி உறங்குவதில்லை, அதற்கு இலை வேண்டும். வெட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சரிவாக இருக்கட்டும். தடி நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தால், உள்ளே வெள்ளை தெரியும் இடம் வரை வெட்டுங்கள். கத்தரித்து 6 முதல் 8 வாரத்தில் பூ வரும்.

மார்ச், ஏப்ரல்: நல்ல பூக்காலம். வாடிய பூவைக் காம்போடு விடாதீர்கள். ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்கு மேலே வெட்டுங்கள். விட்டால் காய் பிடித்து, அடுத்த பூவுக்குப் போக வேண்டிய சத்தை அது எடுத்துக்கொள்ளும்.

மே முதல் செப்டெம்பர் வரை: கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசி மண்ணை உலர்த்தும். காலை வெயில் போதும், பின்னேர வெயிலுக்கு நிழல் கொடுங்கள். மண்ணின் மேல் வைக்கோலோ உலர்ந்த இலையோ பரப்புங்கள். தண்ணீர் விடியற்காலையில், அடியில். இக்காலத்தில் பூ சிறுக்கும், நிறம் மங்கும். அது நோய் இல்லை.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை: வாடையும் மழையும். 2024 நவம்பர் வெள்ளத்தை இங்கு எவரும் மறக்கவில்லை. சாடிகளைச் செங்கல் மேல் உயர்த்தி வையுங்கள். பசளையைக் குறையுங்கள், மழையில் அது கரைந்து போய்விடும்.

சாப்பாடு

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு, வயல்கள் விளைச்சல் இழந்து, அதே வருடம் நவம்பரில் தடை நீக்கப்பட்டதை விவசாயக் குடும்பங்கள் நன்றாக அறியும். ஒரு மாவட்டத்து வயலுக்குப் போதாத கூட்டெரு ஒரு சாடிக்குத் தாராளமாகப் போதும். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி உக்கிய ஆட்டெருவையோ மாட்டெருவையோ, தண்டில் படாமல் ஓரமாக இட்டுக் கிளறுங்கள். பச்சை எரு வேரைச் சுடும். சீனி கலக்காத தேயிலைச் சக்கையும் வாழைப்பழத் தோலும் கூட்டெருவில் சேரட்டும்.

மீன்பிடி ஊரில் மீன்கழிவுக்குக் குறைவில்லை. செவுளும் குடலும் ஒரு பங்கு, வெல்லம் ஒரு பங்கு கலந்து, தளர்வாக மூடி, நிழலில் 3 முதல் 4 வாரம் வைத்தால் கரைசல் கிடைக்கும். வடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் கலந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றலாம். கருவாட்டுக் கழிவு வேண்டாம், அது முழுக்க உப்பு.

நோயும் பூச்சியும்

மழைக்காலத்தில் இலையில் கறுப்பு வட்டம் விழுந்து மஞ்சளாகிக் கொட்டுவது கரும்புள்ளி நோய். இலை மணிக்கணக்கில் நனைந்திருந்தால்தான் அந்தப் பூஞ்சணம் முளைக்கும். ஆகவே சாடிகளை நெருக்கமாக வைக்காதீர்கள், மாலையில் இலை நனையத் தண்ணீர் விடாதீர்கள், விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

கச்சான் காலத்தில் இலை வெளிறி, அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் மைற்றாக்கள். இலையின் அடிப்புறத்தை வேகமான தண்ணீரால் மூன்று நாளுக்கு ஒரு தடவை கழுவுங்கள். மொட்டு விரியாமல் ஓரம் கருகினால் பனிப்பூச்சி. அந்த மொட்டைக் கிள்ளி அழித்துவிடுங்கள். அழுக்கணவனுக்கும் வெண்மூட்டுப்பூச்சிக்கும் ஒரு லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளிக்கலாம். ஆட்டுக்கு மருந்து இல்லை. படலையைப் பூட்டுங்கள்.

இவற்றையும் மீறி ஏதாவது வந்தால், நோயுற்ற இலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

தடி கேட்கும் வாசல்

நிந்தவூரையும் காரைதீவையும் பிரிப்பது சில வயல்கள்தான். போர்க்காலத்தில் அந்தச் சிறு தூரத்தைக் கடப்பதே பயமாக இருந்த வருடங்கள் உண்டு. இன்று வியாபாரத்துக்கும் வேலைக்கும் இரு ஊராரும் போய்வருகிறோம். ஆனால் ஒருவர் வாசலில் மற்றவர் நின்று காரியம் இல்லாமல் பேசுவது இன்னும் குறைவு. அங்கே கண்ணகி அம்மன் கோயிலுக்கு வைகாசியில் பூ வேண்டும், இங்கே கலியாண வீட்டில் பன்னீர் தெளிப்பார்கள். இரண்டு பக்கமும் ரோசா வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் ஒரே உப்புக் காற்றுத்தான். நல்லாகப் பூத்து நிற்கும் வாசலைக் கண்டால் கூப்பிட்டு ஒரு தடி கேளுங்கள். ராத்தா என்றோ அக்கா என்றோ அழைத்தால் போதும். ரோசா வளர்ப்பவர்கள் தடி கொடுக்க மறுத்ததை நான் பார்த்ததில்லை, கூடவே அரை மணித்தியால ஆலோசனையும் கிடைக்கும்.

கொண்டுவந்த தடி பிடித்து முதல் மொட்டு வரும்போது அதைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் வேர் இன்னும் சின்னது, அதற்குப் பூவைச் சுமக்கத் தெம்பில்லை. இரண்டாவது மொட்டையும் கிள்ளினால் நல்லது. மூன்றாவதைப் பூக்கவிடுங்கள்.